ஐஸ்-டி கட்டுரையில வருஷக் கணக்கே இடிக்குது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல அமெரிக்க ராப்பர் ஐஸ்-டி பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நம்ம பேப்பர்ல இந்த ஆளைப் பத்தியெல்லாம் எழுதுறாங்களேன்னு முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. மூணாவது பத்தி தாண்டுறதுக்குள்ள கை நமநமன்னு ஆயிடுச்சு, அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், எடிட் பண்ணிக்கோங்க, ஆனா வருஷத்தை மட்டும் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க, ஏன்னா என் சண்டையே வருஷத்துலதான் இருக்கு.

கட்டுரை எப்படிப் போகுதுன்னா, போலீஸைக் கொல்லுவேன்னு ராப் பாட்டுப் பாடினாரு, நாடே எதிர்த்துச்சு, அரசாங்கம் பாட்டைத் தடை பண்ணுச்சு, மார்க்கெட் போனதும் பாட்டை விட்டுட்டு நடிக்க வந்தாரு, கடைசில அதே போலீஸ் வேஷத்துல காசு பாக்குறாரு, என்ன ஒரு வேஷதாரி பாருங்கன்னு முடியுது. கேக்க ஜோராத்தான் இருக்கு. எங்க ஆபீஸ்ல கூட ரெண்டு பேர் இதையே சொல்லிச் சிரிச்சாங்க. ஆனா நடந்தது அந்த வரிசையில நடக்கல.

அவர் போலீஸா நடிச்ச முதல் பெரிய படம் 'நியூ ஜாக் சிட்டி'. 1991 மார்ச்ல ரிலீஸ். நியூயார்க்ல ஒரு அபார்ட்மென்ட் கட்டடத்தையே வளைச்சுப் போட்டு கிராக் போதைப்பொருள் விக்கிற கும்பல், அதோட தலைவன் நினோ பிரவுனா வெஸ்லி ஸ்னைப்ஸ், அவனைப் பிடிக்க வர்ற டிடெக்டிவ் ஸ்காட்டி ஆப்பிள்டனா நம்ம ஐஸ்-டி. சுமார் 80 லட்சம் டாலர்ல எடுத்து 4 கோடி டாலருக்கு மேல அள்ளின படம், பேர் தெரியாத டப்பாப் படம் இல்ல. கட்டுரையில வர்ற 'காப் கில்லர்' பாட்டு இருக்குற 'பாடி கவுண்ட்' ஆல்பம் எப்ப வந்துச்சு? 1992 மார்ச். அதாவது அமெரிக்காவே தியேட்டர்ல உக்காந்து இவரைப் போலீஸாப் பாத்துக் கைதட்டி ஒரு வருஷம் கழிச்சுத்தான் அந்த ரெக்கார்டு கடைக்கே வருது. சண்டை வெடிச்சது அதுக்கும் பிறகு, ஜூன்ல.

இன்னும் கொஞ்சம் பின்னாடி போனா, 1984ல 'பிரேக்கின்'னு ஒரு டான்ஸ் படத்துல கிளப்ல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ராப் பண்ற ஆளா வந்திருக்காரு. முதல் ஆல்பம் வந்தது 1987ல. ஆக 'பாடிட்டு நடிக்க வந்தாரு'ங்கிறதே முழுசா சரியில்ல, ரெண்டும் ஆரம்பத்துலேர்ந்தே பக்கத்துப் பக்கத்துலதான் ஓடியிருக்கு.

அப்புறம் அது ராப் பாட்டு இல்லீங்க. பாடி கவுண்ட் ஒரு ஹெவி மெட்டல் பேண்ட், அதாவது ராக் இசையிலேயே காட்டுத்தனமான வகை. லாஸ் ஏஞ்சலஸ்ல கிரென்ஷா ஹைஸ்கூல்ல கூடப் படிச்ச எர்னி சி-ங்கிற கிட்டாரிஸ்டோட சேர்ந்து ஆரம்பிச்சது, கிட்டார் காதைக் கிழிக்கும், டிரம்ஸ் ஓடுற ஓட்டத்துல ராப் பண்ண நேரமே கிடையாது, ஆள் கத்துறாரு. 1991ல நடந்த முதல் லொல்லாபலூசா இசை விழா டூர்லயே இதே பாட்டை ஊர் ஊரா மேடையில பாடியிருக்காங்க, அப்ப யாரும் மூச்சு விடல. ஐஸ்-டியும் இது ராக் ரெக்கார்டுன்னு அன்னிக்கே திரும்பத் திரும்பச் சொல்லிப் பாத்தாரு. கேக்கத்தான் ஆளில்ல. பாடுறவன் கறுப்பு, முன்னாடி ராப் பாடினவன், அப்ப இதுவும் ராப்புதான்னு எழுதிட்டாங்க, முப்பது வருஷம் தாண்டி நாமளும் அதையே எழுதுறோம்.

தடைங்கிறதும் தப்பு. அரசாங்கம் எதையும் தடை பண்ணல, அமெரிக்கச் சட்டத்துல அது அவ்வளவு லேசுல முடியாது. நடந்தது பணத்தை வெச்சு நடந்த நெருக்கடி. 1991 மார்ச்ல ராட்னி கிங்ங்கிற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரங்க ரோட்டுல போட்டு அடிச்சதை ஒருத்தர் வீடியோ எடுத்துட்டாரு, 1992 ஏப்ரல் 29 அந்தப் போலீஸ்காரங்க விடுதலைன்னு தீர்ப்பு வந்து லாஸ் ஏஞ்சலஸ் பத்தி எரிஞ்சுச்சு, 60 பேருக்கு மேல செத்தாங்க, சுமார் 100 கோடி டாலர் சொத்து நாசம். அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள ஜூன்ல டெக்சாஸ் போலீஸ் சங்கம் ஒண்ணு இந்தப் பாட்டைக் கையில எடுத்து, ஆல்பத்தை வெளியிட்ட வார்னர் ரெக்கார்ட்ஸோட தாய்க் கம்பெனியான டைம் வார்னர் சரக்கு எதையும் வாங்காதீங்கன்னு அறிக்கை விட்டுச்சு. வருஷக் கடைசில எலக்‌ஷன் வேற. துணை ஜனாதிபதி டேன் குவேல் திட்டினாரு, ஜனாதிபதி புஷ்ஷும் திட்டினாரு. இதுல யாரும் சொல்லாத ஒரு விஷயம், கறுப்பினப் போலீஸ்காரங்களோட தேசிய சங்கம் அந்தப் புறக்கணிப்பை எதிர்த்துச்சு. கட்டுரையில போலீஸ்காரங்க எல்லாரும் ஒரே பக்கம் நின்ன மாதிரி இருந்துச்சு, அதனால சொல்றேன்.

அந்த ஜூலை மாசம் நடந்த ஒண்ணை மட்டும் நான் நேர்ல பாத்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு அடிக்கடி நினைப்பேன். பெவர்லி வில்ஷயர் ஹோட்டல்ல டைம் வார்னர் பங்குதாரர் கூட்டம். சார்ல்டன் ஹெஸ்டன் எழுந்திரிக்கிறாரு. 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்துல மோசஸா நடிச்சவரு, அந்தக் கம்பெனியில சில நூறு ஷேர் வெச்சிருந்தாரு, அந்த உரிமையில பேச வந்தாரு. வந்தவரு கண்டனம்னு நாலு வார்த்தை சொல்லிட்டு உக்காரல, பாட்டு வரியைப் பேப்பர்ல எழுதி எடுத்துட்டு வந்து முழுசா வாசிச்சாரு, கெட்ட வார்த்தை ஒண்ணு விடாம, அந்தக் கணீர்னு இருக்குற குரல்ல. கோட் சூட் போட்ட ஆளுங்க அத்தனை பேரும் திகைச்சுப் போய் உக்காந்திருந்தாங்கன்னு பின்னாடி அவரே பெருமையாச் சொன்னாரு.

இப்ப நான் கேக்குறது இதுதான். அந்த அஞ்சு நிமிஷம் ஹெஸ்டன் வாயிலேர்ந்து 'நான் கொல்லுவேன்'னு வந்துச்சே, அப்ப யாராவது ஹெஸ்டன் போலீஸைக் கொல்லப் போறாருன்னு நினைச்சாங்களா? இல்லல்ல. அது அவரு இல்ல, அவரு வாசிக்கிறாருன்னு ஹால்ல எல்லாருக்கும் தெரியும். வாசிச்சவனுக்கு குடுத்த அந்தச் சலுகையை எழுதினவனுக்குக் குடுக்க மட்டும் ஏன் மனசு வரல? ஐஸ்-டி சொன்னதும் இதேதான், போலீஸ் அராஜகத்தைப் பாத்துப் பாத்து வெறி பிடிச்சுப் போன ஒருத்தன், அவன் வாயால நான் பாடுறேன், அது ஒரு பாத்திரம்னு. நம்புறதும் நம்பாததும் அவங்கவங்க இஷ்டம். அந்தப் பாட்டு எனக்கே பிடிக்காது, அது வேற. ஆனா நடிப்புன்னு பாத்தா அதுவும் ஒரு வேஷம், ஸ்காட்டி ஆப்பிள்டனும் ஒரு வேஷம். ஒண்ணு நெஜம் இன்னொண்ணு வேஷம்னு நீங்களா பிரிச்சு வெச்சுக்கிட்டு அப்புறம் ரெண்டும் முட்டுதேன்னு கேட்டா எப்படி?

தமிழ் படிச்சவங்களுக்கு இது புரியாம இருக்கவே கூடாதுங்க. தலைவி கூற்று, தோழி கூற்றுன்னு ஸ்கூல்லயே சொல்லிக் குடுக்குறாங்க. கபிலர் ஆம்பளை, 'யாரும் இல்லைத் தானே கள்வன்'னு ஏமாந்து நிக்கிற ஒரு பொண்ணு வாயால பாடினாரு, ரெண்டாயிரம் வருஷமா யாரும் கபிலர்கிட்ட போய் உங்களை ஏமாத்திட்டுப் போனவன் யாருய்யான்னு விசாரிக்கல. பாட்டுக்குக் கீழ யார் கூற்றுன்னு ஒரு வரி போட்டா விஷயம் முடிஞ்சுது. ராப் பாட்டுக்கு அந்த ஒரு வரி போடுற பழக்கம் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவுல இது வெறும் இலக்கிய வாக்குவாதமும் இல்ல. அங்க கோர்ட்டுல ராப் வரிகளைச் சாட்சியா வெச்சு ஆளுங்களை உள்ள தள்ளியிருக்காங்க. 2014ல நியூ ஜெர்சி சுப்ரீம் கோர்ட்ல ஒரு கேஸ், கொலை முயற்சி வழக்கு, குற்றம் சாட்டப்பட்டவர் எழுதி வெச்சிருந்த ராப் வரிகளை ஜூரிகிட்ட பக்கம் பக்கமா வாசிச்சுக் காட்டியிருந்தாங்க. அது செல்லாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு, ஷெரீஃபைச் சுட்டேன்னு பாப் மார்லி எழுதினதுக்காக அவர் நெஜமாவே ஒரு ஷெரீஃபைச் சுட்டாருன்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்களேன்னு தீர்ப்புலயே கேட்டாங்க. அதே மார்லி பாட்டை எரிக் கிளாப்டன் பாடி 1974ல அமெரிக்காவுல நம்பர் ஒன் ஆச்சு, எந்தப் போலீஸ் சங்கமும் கம்பெனி சரக்கை வாங்காதேன்னு போர்டு பிடிக்கல. கலிபோர்னியாவுல 2022ல இதுக்காகவே ஒரு சட்டம் போட்டாங்க, பாட்டு வரியைச் சாட்சியா கொண்டு வரணும்னா அதுக்கு முன்னாடி ஜட்ஜ் பல விஷயம் யோசிக்கணும்னு. ஐஸ்-டி பொறந்தது நியூ ஜெர்சி, வளர்ந்தது கலிபோர்னியா. சும்மா ஒரு பொருத்தத்துக்குச் சொல்றேன்.

சரி, பாட்டு என்ன ஆச்சுன்னா, வார்னர் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு வெடிகுண்டு மிரட்டல் வர ஆரம்பிச்சதும் ஜூலை 28 அவரே பிரஸ்ஸைக் கூப்பிட்டு பாட்டை எடுத்துடறேன்னு அறிவிச்சாரு. ஆல்பம் அந்தப் பாட்டு இல்லாம மறுபடி வந்துச்சு, அந்த இடத்துல பேச்சுரிமை பத்தின இன்னொரு டிராக்கைப் போட்டு விட்டாரு, குசும்பு. 1993 ஆரம்பத்துல அடுத்த ஆல்பம் அட்டைப் படத்துல தகராறு வந்து கம்பெனியும் இவரும் பிரிஞ்சாங்க. அதோட பாட்டை விட்டாரா? எங்க விட்டாரு. அதே பாடி கவுண்ட் 2021ல மெட்டல் பிரிவுல கிராமி விருது வாங்கியிருக்கு. 'மார்க்கெட் போனதும்'னு எழுதினவரு இதையாவது ஒரு தடவை தேடிப் பாத்திருக்கலாம்.

இவ்வளவு பேசிட்டு அவரை உத்தமர்னு சொல்ல வரல. கட்டுரை தப்பான இடத்துல குத்துது, குத்த வேண்டிய இடம் வேற இருக்குன்னுதான் சொல்ல வர்றேன்.

அவர் பேரே எங்கேர்ந்து வந்துச்சுன்னா ஐஸ்பெர்க் ஸ்லிம்ங்கிற எழுத்தாளர்கிட்டேர்ந்து. அந்த மனுஷன் பொண்ணுங்களை வெச்சுத் தொழில் பண்ணிப் பிழைச்சு, அப்புறம் அந்த வாழ்க்கையையே புத்தகமா எழுதினவரு. சின்ன வயசுல அப்பா அம்மா ரெண்டு பேரையும் ஹார்ட் அட்டாக்ல பறிகுடுத்துட்டு நியூ ஜெர்சிலேர்ந்து லாஸ் ஏஞ்சலஸ்ல அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்த பையன், அந்தப் புத்தக வரிகளை மனப்பாடம் பண்ணி ஸ்கூல் பசங்ககிட்ட ஒப்பிச்சுக் காட்டுவான், அதுலேர்ந்து வந்த பட்டப்பேரு. பரிதாபமான கதைதான், ஆனா அந்தத் தரகன் மிடுக்கு அவர் ஆரம்ப கால பாட்டு முழுக்கப் படிஞ்சிருக்கு. 1988 ஆல்பம் அட்டையைப் பாருங்க, நீச்சல் உடையில ஒரு பொண்ணு கையில துப்பாக்கியோட நிக்குது, அப்ப அவரோட காதலி அது. பாட்டுக்குள்ள பொண்ணுங்களைப் பத்தி வர்ற வார்த்தைகளை நான் இங்க எழுதினா நீங்க போட மாட்டீங்க.

அந்த ஆளுதான் 2000லேர்ந்து 'லா அண்ட் ஆர்டர்: எஸ்.வி.யு.' சீரியல்ல பாலியல் குற்றங்களை விசாரிக்கிற டிடெக்டிவ் ஃபின் டுட்டுவோலா. வாரா வாரம் பாதிக்கப்பட்ட பொண்ணுக்கு எதிர்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து குரலைத் தாழ்த்திப் பேசுற வேலை. போலீஸ் பாட்டு, போலீஸ் வேஷம்னு எல்லாரும் கைகொட்டிச் சிரிக்கிறாங்களே, இந்த முரண்பாட்டை ஏங்க யாரும் தொட மாட்டேங்கிறீங்க? பொண்ணுங்களைப் பத்தின அந்த வார்த்தைகளை அன்னிக்கே கேள்வி கேட்ட ஒருத்தங்க இருந்தாங்க, டிப்பர் கோர், பின்னாடி துணை ஜனாதிபதியான அல் கோரோட மனைவி. 1990லயே பேப்பர்ல கட்டுரை எழுதி, டிவில ஐஸ்-டியோட நேருக்கு நேர் உக்காந்து கேட்டாங்க. அவங்க ஆபாசமான ரெக்கார்டுக்கெல்லாம் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டணும்னு நின்னதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஆனா அந்தக் கேள்வி நியாயமானது. ஆனா அதனால ஐஸ்-டிக்கு எந்த கான்ட்ராக்ட்டும் போகல. பொண்ணுங்களைத் திட்டினப்போ கம்பெனிக்கு ஒண்ணும் வலிக்கல, போலீஸைத் தொட்டதும் பங்குதாரர் கூட்டம் வரைக்கும் போச்சு. எழுதுறதா இருந்தா இதை எழுதியிருக்கணும்.

நடிகரா எப்படின்னு கேட்டா, பெரிய நடிகர்னு நான் சொல்ல மாட்டேன். முகத்துல மொத்தம் மூணு பாவம்தான், அதுல ரெண்டு முறைப்பு. அந்த சீரியல்ல ஏதாவது கன்றாவியான குற்றத்தை வேற யாராவது விளக்குவாங்க, இவர் உடனே 'அதாவது நீங்க என்ன சொல்றீங்கன்னா'ன்னு அதையே நமக்குப் புரியிற மாதிரி திருப்பிச் சொல்லுவாரு, அமெரிக்காவுல காமெடியன்களே அதை வெச்சுக் கிண்டல் பண்ணிட்டாங்க. ஆனா அந்தத் திருப்பிச் சொல்றதுல ஒண்ணு இருக்கு. மத்த போலீஸ் எல்லாம் டயலாக் பேசுற மாதிரி இருக்கும், இவர் மட்டும் தெருவுல நின்னு இதையெல்லாம் பாத்துச் சலிச்சுப் போன ஆள் மாதிரி இருப்பாரு. ராணுவத்துல இருந்திருக்காரு, திரும்பி வந்து கொள்ளைக் கும்பலோட திரிஞ்சதையும் அவரே சொல்லியிருக்காரு, அந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு ரைட்டர் எழுதிக் குடுக்க வேண்டியதில்ல. முதல்ல நாலே எபிசோடுக்குன்னு கூப்பிட்டாங்களாம். இருபது வருஷம் தாண்டி ஓடிட்டிருக்கு, 2023 பிப்ரவரில ஹாலிவுட் நடைபாதையில நட்சத்திரமும் பதிச்சாச்சு.

இவர் ஒருத்தர் மட்டும் இந்த வழியில வரலைன்னும் கட்டுரையில ஒரு வரி வந்திருக்கலாம். என்.டபிள்யூ.ஏ.ங்கிற ராப் குழுவுல போலீஸைத் திட்டிப் பாட்டு எழுதின ஐஸ் கியூப், 1989ல எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருத்தரே அவங்க ரெக்கார்டு கம்பெனிக்குக் கண்டிச்சு லெட்டர் போட்டாரு, அந்த ஐஸ் கியூப் 1991ல 'பாய்ஸ் என் த ஹூட்'ல நடிச்சாரு, 2012ல ஒரு காமெடிப் படத்துல எந்நேரமும் கத்துற போலீஸ் கேப்டனா வந்தாரு. அவரை யாரும் வேஷதாரின்னு திட்டினதா தெரியல, குழந்தைங்களோட பாக்குற படமெல்லாம் வேற பண்ணிட்டாரு, அதனால விட்டுட்டாங்க போல.

கடைசியா எங்கம்மா விஷயம் ஒண்ணு. இங்கிலீஷ் அவ்வளவா வராது, சப்டைட்டிலும் முழுசா ஓடிப் படிக்க முடியாது, ஆனாலும் என்கூட உக்காந்து இந்த சீரியலைப் பல வருஷமா பாக்குறாங்க. ஐஸ்-டிங்கிற பேரெல்லாம் அவங்களுக்குத் தெரியாது, 'குடுமிப் போலீஸ்'தான். பழைய சீசன்ல பின்னாடி குடுமி போட்டிருப்பாரு, பின்னாடி வெட்டிட்டாரு, அன்னிக்கு அம்மாவுக்கு அரை நாள் வருத்தம். உங்க கட்டுரையை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன். பூரா கேட்டுட்டு, "ரெண்டுக்கும் சம்பளம் ஒழுங்கா குடுத்தாங்களா இல்லையா"ன்னாங்க. சரின்னு மேடையில அந்தப் பாட்டைப் பாடுற வீடியோ ஒண்ணைத் தேடிப் பிடிச்சுப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு ஒரு நிமிஷம் உத்துப் பாத்தாங்க.

"நம்ம குடுமியாடா இது? ஏன்டா இப்படிக் கத்துறான், நாளைக்கு ஷூட்டிங்குக்குத் தொண்டை வேணாமா? சவுண்டைக் குறை."

குறைச்சுட்டேன். திருத்தம் போடுறதா இருந்தா 1991 மார்ச், 1992 மார்ச், இந்த ரெண்டை மட்டுமாவது போடுங்க.

இப்படிக்கு,
ஞாயித்துக்கிழமை இணைப்பை முதல்ல பிரிக்கிற வாசகன்